நாலு மூலையிலிருந்தும் வந்த உன் குரல்

ஆவடி,
புதன்கிழமை.

அன்பு மைத்துனன் மேக்ஸ்வெல்லுக்கு, உன் அக்காள் கணவன் அருள்தாஸ் எழுதுவது.

மாதாவின் தயவால் நான், உன் அக்கா ஆரோக்கியம்மாள், மகள் ரெனிதா மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். ஓசூரில் நீயும் உன் மனைவி மக்களும் அதேபோல இருக்க ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டோம். அது காலைப் பூசை. அன்று மாலை நடந்ததற்குப் பிறகு பூசைக்குப் போயிருந்தால் உன் பெயரை மட்டும் விட்டிருப்பேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது மாமா ஏன் ஐந்து ரூபாய் உறை வாங்கி எழுதுகிறார் என்று நினைப்பாய். உறைக்குள் போட்டு ஒட்டிய கடிதம் யாருக்கும் கேட்காது, அதனால்தான். ஞாயிறு மாலையிலிருந்து என் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். நீ தன் போனுக்குப் பதினேழு தடவை கூப்பிட்டாய், தானும் எடுக்கவில்லை என்று உன் அக்கா சொன்னாள்.

எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு நீ அனுப்பிவைத்த வயர்லெஸ் சரவுண்ட் சவுண்ட் செட்டைப் பற்றி, "எப்படி இருக்கு மாமா, வீட்டுக்கு ஒத்து வருதா, நானும் ஒண்ணு வாங்கட்டுமா" என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக நின்றவன் நான். ஒரு பொருளை வெறுமனே நல்லது கெட்டது என்று சொல்லிப் பழக்கமில்லை. ஆகவே முறைப்படி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் அந்த வயர்லெஸ் என்கிற வார்த்தை. பெட்டியைப் பிரித்ததும் டிவிக்கு முன்னால் வைக்கிற நீளப் பலகை ஒன்று, அரிசி மூட்டை கனத்தில் டம் டம் என்று அடிக்கிற சப்வூஃபர் ஒன்று, மூலைக்கு ஒன்றாக நாலு குட்டி ஸ்பீக்கர் என்று ஆறு உருப்படி வெளியே வந்தது, மாடுலர், வேணுங்கற இடத்துல வைக்கலாம், வேண்டாட்டி கழட்டலாம், கையில தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குக்கூடப் போகலாம் என்று நீ போனில் சொல்லிக்கொண்டே இருந்தாய், நானும் தலையாட்டிக்கொண்டே பிரித்தேன், கடைசியில் பார்த்தால் அதற்குப் பேச்சுக்குத்தான் வயர் வேண்டாம், சோற்றுக்கு வேண்டும். பலகைக்கு ஒரு பிளக், சப்வூஃபருக்கு ஒரு பிளக், குட்டிகள் நாலுக்கும் நாலு சார்ஜர். நம் ஹாலில் இருப்பதே மூன்று பிளக் பாயின்ட், அதில் ஒன்று ஃபிரிட்ஜ், ஒன்று இன்வெர்ட்டர், மிச்சம் ஒன்றில்தான் டிவி. போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு வாங்கிவந்து ஹாலுக்குக் குறுக்கே இழுத்தேன். முன்பு டிவிக்கு ஒரே ஒரு வயர் சுவரோரமாக இருந்த வீட்டில் இப்போது வயரைத் தாண்டித் தாண்டி நடந்து உன் அக்காவுக்கு முட்டிவலி போய் இடுப்புவலி வந்திருக்கிறது.

அடுத்தது, கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்த படம். ஒரு பெரிய அறை, நடுவில் சோபா, சோபாவுக்குப் பின்னால் ஆள் படுத்துப் புரளுகிற அளவுக்கு வெறும் தரை, அங்கே ஸ்டாண்டு போட்டு இரண்டு ஸ்பீக்கர். நம் ஹால் உனக்குத் தெரியும், பத்துக்குப் பன்னிரண்டு, சோபாவுக்குப் பின்னால் இருப்பது சுவர். நான் டேப் வைத்து அளந்து பார்த்தேன். அவர்கள் ஸ்பீக்கர் வைக்கச் சொல்லும் இடத்தில் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாளின் கட்டில் இருக்கிறது. வேறு வழியில்லாமல் பின் இடது ஸ்பீக்கரை ஃபிரிட்ஜ் தலையிலும், பின் வலதைத் தையல் மெஷின் மேலும், முன் இடதை பீரோ மேலும், முன் வலதை மாதா ஸ்டாண்டில் மெழுகுவர்த்திக்கு இந்தப் பக்கமும் வைத்தேன். சப்வூஃபரைச் சுவரோரம் தள்ளினேன். முதல் பாட்டு ஆரம்பித்து அரை நிமிஷம் ஆகவில்லை, வேம்புலியம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா அண்ணாத்தே, ஊட்டுக்குள்ள மிசினு கிசினு ஓட்டிக்கினு கீறியா? எங்க ஊட்டு கடியாரம் செவுத்துலேர்ந்து கீய வுழுந்துச்சிப்பா!"

"பாட்டுதாம்மா."

"பாட்டா? வயித்துக்குள்ள கடமுடான்னுது. பாட்டுன்னா காதுலதான கேக்கணும்?"

இதெல்லாம் சின்ன விஷயம். இதற்காக நான் உறை வாங்கியிருக்க மாட்டேன்.

செட் பொருத்திய அன்றே ஒரு சோதனை செய்தேன். ஒவ்வொரு ஸ்பீக்கராக டொக் டொக் என்று தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். எந்த மூலை என்று சோபாவில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்ல வேண்டும். உன் அக்கா கண்ணை மூடிக்கொண்டு நாலையும் சரியாகச் சொன்னாள். "நீ சொல்லும்மா" என்றேன் ரெனிதாவிடம். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "எனக்கெதுக்குப்பா இந்தப் பரீட்சை? எங்கேருந்து வந்தாலும் எனக்கு எல்லாம் வலது பக்கந்தான்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் சோதனையை அதோடு நிறுத்திவிட்டேன். உனக்குச் சொல்லவேண்டியதில்லை. மூன்றாம் வகுப்பில் பொன்னுக்கு வீங்கி வந்து அவள் கன்னம் உப்பிக் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது நீ. ஜுரம் விட்டது, வீக்கம் வடிந்தது, இடது காது மட்டும் திரும்பி வரவில்லை. நரம்பே போய்விட்டது, மெஷின் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொன்னபோது நீயும் நானும்தான் வராந்தாவில் நின்றோம். அதற்கப்புறம் அவள் படித்தாள், வேலைக்குப் போனாள், ஒரு குறையும் சொன்னதில்லை. நாங்களும் மறந்தே போனோம். கல்யாணப் பேச்சு எடுத்த பிறகுதான் மறக்க முடியவில்லை. வில்லிவாக்கத்து வரனிடம் சொன்னோம், மறுநாளிலிருந்து அவர்கள் போனை எடுக்கவில்லை. அரக்கோணத்து வரனிடம் சொன்னோம், அவர்கள் எடுத்தார்கள், "பிள்ளைகளுக்கும் வருமோ" என்று கேட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு உன் அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதனால் மூன்றாவதாகப் பட்டாபிராம் வரன் வந்தபோது நானும் அவளும் ஒரு முடிவுக்கு வந்தோம். பையன் பெயர் ஜாபஸ், திருமழிசையில் ஒரு கம்பெனியில் என்ஜினியர். அப்பா கிருபாகரன் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அம்மா ஸ்வீட்லின் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. அவர்கள் சி.எஸ்.ஐ. சபை, நாம் ஆர்.சி. கோவில், அந்த ஒரு பேச்சே மூன்று மாதம் இழுத்து இப்போதுதான் முடிந்திருந்தது. இதில் காதையும் கொண்டுபோய் எங்கே வைப்பது? நிச்சயம் முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். தப்பு, தெரியும். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன், அதை உனக்கும் அன்று சொல்லவில்லை. "சொல்லிட்டீங்களாப்பா?" என்று ரெனிதா கேட்டபோது, "தரகர் மூலமா சொல்லியாச்சும்மா, அவங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் அன்றைக்கு வந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு, இல்லை என்று திருப்பிச் சொல்ல எந்த அப்பனுக்கு வாய் வரும்?

சனிக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் நாலு மணிக்கு அவர்கள் வருகிறார்கள். செட்டின் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டேன். ரெனிதாவின் நாற்காலியை அவளுக்கு இடது பக்கம் சுவர் வருகிற மாதிரி போட்டேன், யார் எங்கே உட்கார்ந்தாலும் அவளுக்கு வலது பக்கமாகத்தான் பேசமுடியும். எல்லாம் முடித்தும் சரியாகப் படவில்லை. அப்போதுதான் உனக்கு அந்த மெசேஜ் அனுப்பினேன்: நாளை வருகிறார்கள், காது விஷயம் இன்னும் சொல்லவில்லை, சொல்லவா வேண்டாமா, உடனே பதில் போடு. உடனே என்று எழுதியிருந்தேன், மேக்ஸ்வெல். நீ எப்போது பதில் போட்டாய் என்று நினைவிருக்கிறதா? மறுநாள் சாயங்காலம் நாலே முக்கால்!

சரியாக நாலு மணிக்கு மூவரும் வந்தார்கள். ஸ்வீட்லின் அம்மா உள்ளே நுழைந்ததும் ஹாலை ஒரு சுற்று பார்த்தார், நான் எஸ்டேட்டில் சரக்கு லாட்டைச் சோதிப்பதைப் போல. நான் போட்டுவைத்த இடங்களில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், அப்பாடா என்று மூச்சு விட்டேன், அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள், "இங்க காத்தே வரல" என்று அவர் எழுந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டுபோய், ரெனிதாவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இரண்டடி இடத்தில் நுழைத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவளுக்கு இடது பக்கம்! டேப் வைத்து அளந்தும் அந்த இரண்டடியை நான் விட்டுவிட்டேன் பார்.

கிருபாகரன் சார் நல்ல மனுஷர். அவர் வாயிலிருந்துதான் அடுத்த இடி வந்தது. "என்ன சார், ஃபிரிட்ஜ் தலையில ஸ்பீக்கர் வெச்சிருக்கீங்க?"

ஜாபஸ் திரும்பிப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது. "அங்கிள், இது வயர்லெஸ் சரவுண்ட் ஆச்சே! ஒரு தடவை போடுங்களேன்."

"அது... கரண்ட் கொஞ்சம் ஏறி இறங்குது தம்பி."

"டிவி நல்லாத்தானே ஓடுது அங்கிள்" என்று அவரே எழுந்துபோய்ப் பிளக்குகளைச் சொருகிவிட்டார். அந்தப் பலகைக்குள்ளேயே விளம்பரத்துக்காக ஒரு மழைச் சத்தம் வைத்திருக்கிறார்கள், அதைப் போட்டார். முன்னால் தூறியது, பக்கத்தில் கொட்டியது, ஃபிரிட்ஜ் மேல் இடி இடித்தது, கடைசியில் எல்லாம் அடங்கித் தையல் மெஷின் பக்கமிருந்து திடீரென்று ஒரு நாய் குரைத்தது பார், கிருபாகரன் சார் திரும்பிப் பார்த்தார், உன் அக்கா காலைத் தூக்கிக்கொண்டாள், நாயே இல்லை என்று தெரிந்த நானும் திரும்பினேன், ஜாபஸும் திரும்பிச் சிரித்தார். ரெனிதா மட்டும் முறுக்குத் தட்டைப் பிடித்தபடி நேராக டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தவிர இன்னும் ஒருவர் திரும்பவில்லை. ஸ்வீட்லின் அம்மா. அவர் ரெனிதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன்.

"சமையல்லாம் பழக்கம் உண்டாம்மா?" என்று ஸ்வீட்லின் அம்மா அவளிடம் மெதுவாகக் கேட்டார். ரெனிதா அசையவில்லை. "வரும் வரும், வத்தக்குழம்பு நல்லா வெப்பா!" என்று உன் அக்கா அடுக்களை வாசலிலிருந்து கத்தினாள். கொஞ்சம் பொறுத்து, அதே குரலில், "எந்த ஸ்கூல்ல படிச்சே?" ரெனிதா காபி டம்ளரை எடுத்து ஜாபஸிடம் நீட்டினாள். "இங்கதாங்க, ஆவடியிலதான்!" என்று இந்தத் தடவை நான் கத்தினேன். நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிக் கத்துவதைப் பார்த்து, பாவம், கிருபாகரன் சார் எங்களுக்குத்தான் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தானும் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

"பழைய மாதா பாட்டு ஏதாவது இருந்தா போடுங்க சார்! எங்க கோவில்ல அதெல்லாம் கிடையாது, ட்யூட்டியில இருக்கறப்ப வேளாங்கண்ணி ஸ்பெஷல் ட்ரெயின்ல போறவங்க பாடறதைக் கேட்டிருக்கேன்!"

பாட்டு என் போனில் இருந்தது. ஜாபஸ் அதை வாங்கி ஸ்பீக்கரோடு இணைத்துப் பாட்டைப் போட்டு என்னிடமே கொடுத்தார். நாலு மூலையிலிருந்தும் இதமாகப் பாட்டு வந்தது. எல்லோரும் அமைதியானார்கள். ஸ்வீட்லின் அம்மாகூட முறுக்கு ஒன்று எடுத்தார். பிழைத்தோம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து என் கையில் போன் அதிர்ந்தது. நீ. ஒரு நிமிஷம் இருபது வினாடி வாய்ஸ் மெசேஜ்.

ஹாலில் வைத்துக் கேட்க முடியுமா? புத்திசாலித்தனமாகப் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லண்டை போய் நின்று, உன் மெசேஜைத் தட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. பிரஸ் ஷாப்பில் முப்பத்திரண்டு வருஷம் நின்ற காது, இதுவும் போய்விட்டதா என்று சத்தத்தைக் கூட்டினேன். மறுபடி முதலிலிருந்து தட்டினேன். இல்லை. முழுச் சத்தமும் வைத்து மூன்றாம் முறை தட்டினேன். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வேம்புலியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாத்தே, நீ இன்னா இங்க நிக்கிற? உன் மச்சான் ஊர்லேர்ந்து வந்துகீறாரா? உள்ள அவரு கொரலு ஊரே கேக்குது!"

மேக்ஸ்வெல், நான் அந்தப் பின்வாசலிலிருந்து ஹாலுக்கு எப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு வயரில் தடுக்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் வரும்போது ஃபிரிட்ஜ் மேலிருந்தும், பீரோ மேலிருந்தும், தையல் மெஷின் மேலிருந்தும், மாதாவின் காலடியிலிருந்தும் நீ பேசிக்கொண்டிருந்தாய்:

"...ரெனிதாவுக்கு இடது காது சுத்தமா கேக்காதுங்கறதை மறைச்சு எத்தனை நாளைக்கு மாமா ஓட்டுவீங்க? அந்த டீச்சரம்மா பாக்கற பார்வையே பரீட்சை பேப்பர் திருத்தற மாதிரி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க, அவங்க கண்டுபிடிக்காம இருப்பாங்களா? பையனுக்கு முன்மண்டை காலியாயிட்டு வருதுன்னு அக்கா சொன்னா, அதை அவங்க மறைச்சாங்களா? தொப்பி போட்டுக்கிட்டா வந்தாரு? நேரா சொல்லிடுங்க மாமா. சொல்லாம குடுத்தா நம்ம புள்ளைக்குத்தான் அசிங்கம்."

சப்வூஃபர் வேறு உன் 'அசிங்கம்' என்ற சொல்லுக்கு ஒரு உதறு உதறியது. பிறகு செட் அடங்கியது. மாதா பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பாடியது. நான் எல்லா பொத்தானையும் அமுக்கி அதையும் நிறுத்தினேன்.

ஜாபஸின் கை தலைக்குப் போய்ப் பாதியில் நின்றது. உன் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். ஸ்வீட்லின் அம்மா கையிலிருந்த பாதி முறுக்கைத் தட்டின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்தார். ரெனிதாதான் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அவங்களுக்குத் தெரியாதாப்பா?"

அவ்வளவுதான் கேட்டாள். பிரஸ் விழுந்து விரல் நசுங்கிய ஆளையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான், அன்று அந்த ஒரு கேள்விக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை அப்படியே ஸ்வீட்லின் அம்மா பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆமா ஆன்ட்டி. எட்டு வயசுலேர்ந்து இடது காது கேக்காது. இப்ப பேசினது எங்க மேக்ஸ்வெல் மாமா. எந்தப் பக்கத்துலேர்ந்து பேசினார்னு எனக்குத் தெரியல, ஆனா பேசினதெல்லாம் நிஜம். நீங்க என்கிட்ட ஏதாவது கேட்டிருந்தீங்கன்னா எனக்குக் கேக்கல. மன்னிச்சுக்குங்க."

கிருபாகரன் சார் மட்டும், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். இப்போது அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஜாபஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பு மாட்டும்போது, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார் ஸ்வீட்லின் அம்மா. மூன்று பேரும் ஆட்டோவில் ஏறிப்போனார்கள்.

அதன்பிறகு ஹாலில் யாரும் உட்காரவில்லை. வேம்புலியம்மாள்தான் உள்ளே வந்து காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். கழுவிக்கொண்டே என்னைத் திட்டினாள். "ஒரு காது கேக்காததுக்கா இம்மாம் மூடி வெச்ச? என் ஊட்டுக்காரருக்கு ரெண்டு காதும் நல்லா கேட்டுச்சி, நான் சொல்றத என்னிக்கினா கேட்டாரா?" ரெனிதா அதற்குச் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அழுதாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க மறைச்சு வெச்சதுக்காக நான் அழலப்பா," என்றாள். "அவங்களுக்குத் தெரியும்னு நெனச்சுத்தான் நான் நிம்மதியா உக்காந்திருந்தேன். நாய் கொரைச்சதும் எல்லாரும் திரும்பினீங்க இல்ல? நானும் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியல, தெரியாட்டி பரவாயில்ல, அவருக்குத்தான் தெரியுமேன்னு இருந்தேன். நான் என்ன, உங்க கம்பெனியில டேமேஜ் தெரியாம திருப்பி வெச்சு பேக் பண்ணுவாங்களே, அந்த பீஸா?"

எஸ்டேட்டில் அப்படித் திருப்பி வைத்துப் பேக் பண்ணினவர்களை நான் பெயர் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு அது தெரியும்.

திங்கள் போனது, செவ்வாய் போனது, இன்று புதனும் அரை நாள் போய்விட்டது. பட்டாபிராமிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ரெனிதா என்னோடு பேசுகிறாள், "சாப்பிட்டீங்களா", "மாத்திரை போட்டீங்களா" அவ்வளவுதான். உன் அக்கா தெருவில் ஆட்டோ நின்றால் ஜன்னலுக்கு ஓடுகிறாள். இந்த வரன் போய்விட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆகவே உன் கேள்விக்கு என் முடிவான பதிலை எழுதுகிறேன்: இந்த செட் வீட்டுக்கு ஒத்து வராது. சின்ன ஹாலுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. வயர்லெஸ்ஸுக்கு வயர் அதிகம். யார் போனில் எது வந்தாலும் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். நீ வாங்காதே. உன் செட்டை நேற்றே கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டேன், தெர்மோகோல் மட்டும் மறுபடி உள்ளே போக மாட்டேன் என்கிறது, அதைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் நீ வரும்போது எடுத்துக்கொண்டு போய்விடு. அதுவரை எனக்குப் போன் பண்ண வேண்டாம். நீ சொன்னது அத்தனையும் சரி என்பதால்தான் உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் என்று உன் அக்கா சொல்கிறாள். அவள் சொல்வதை நான் மறுக்கவில்லை.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டு என் ஆசீர்வாதம் கொடு. மாதா உங்கள் வீட்டு வாசலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
அருள்தாஸ்.

பின் குறிப்பு: வியாழன் காலை பதினோரு மணி. உறையை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. ஸ்வீட்லின் அம்மாவும் ஜாபஸும். உட்காரச் சொல்வதற்குள் அந்தம்மா பேச ஆரம்பித்துவிட்டார். "உங்க பொண்ணுக்கு ஒரு காது கேக்காதுன்னு நான் உக்காந்த பத்து நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு சார். முப்பது வருஷமா வகுப்புல நிக்கறவ. ரெண்டாவது கேள்வியை வேணும்னுதான் அந்தப் பக்கமா கேட்டேன், நீங்க வாயைத் திறக்கறீங்களான்னு பார்த்தேன். நீங்க திறக்கல. நாங்க மூணு நாள் யோசிச்சது காதுக்காக இல்ல, உங்களுக்காக. இந்த வீட்டுல இன்னும் என்னென்ன சொல்லாம வெச்சிருக்காங்களோன்னு. ஆனா உங்க பொண்ணு நாற்காலியைத் திருப்பிப் போட்டு என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னா பாருங்க, அந்தப் பதிலுக்காக வந்திருக்கோம்." நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். உன் அக்கா கேட்டாள். ரெனிதா மட்டும் சும்மா இருக்கவில்லை, ஜாபஸைப் பார்த்து, "அன்னைக்கு ஏன் ஒரு வார்த்தை பேசல?" என்று கேட்டுவிட்டாள். அவர் நெளிந்தார். "மண்டையைப் பத்திச் சொன்னதுல கொஞ்சம் ஆடிப்போயிட்டேன். அப்புறம் என்ன பேசறதுன்னு தெரியல. ரெண்டு நாளா இடது காதுல பஞ்சு அடைச்சுக்கிட்டு ஆபீஸ் போய்ப் பார்த்தேன். ரோடு தாண்டறதுதான் பயமா இருந்துச்சு." "ரோடு பழகிடும். ஓட்டல் சத்தத்துலதான் கஷ்டம்" என்றாள் ரெனிதா. பிறகு அட்டைப்பெட்டியைப் பிரித்தது யார் என்று எனக்குத் தெரியாது. "மாடுலர்தானே அங்கிள், எதுக்கு மூலைக்கு மூலை வைக்கணும், கேக்கறவங்களுக்கு எங்க வேணுமோ அங்க வெச்சா போதாதா" என்று ஜாபஸ் சப்வூஃபரைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரே ஒரு குட்டி ஸ்பீக்கரை ரெனிதாவின் நாற்காலிக்கு வலது கைப்பக்கம் வைத்துச் செய்தியைப் போட்டார். அவள் டிவியில் கீழே ஓடும் எழுத்தைப் படிக்காமல் முழுச் செய்தியும் கேட்டாள். ஆகவே செட்டை எடுக்க வராதே. நீயும் ஒன்று வாங்கு, நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது அவர்கள் இருவரும் காபித்தூள் வாங்கப் போயிருக்கிறார்கள். கடை இரண்டு வீடு தள்ளி, போய் முக்கால் மணி நேரம் ஆகிறது. உன் அக்கா மூன்றாம் தடவை பாலைச் சுடவைக்கிறாள், கோபமே இல்லை. ஸ்வீட்லின் அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். "யாருக்குக் கடிதம்?" என்று கேட்டார். மைத்துனனுக்கு என்றேன். "அன்னைக்குப் பேசினவரா? அவர் சொன்னது சரின்னு நான் சொன்னதா எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். "பெருசா எழுதியிருக்கீங்க போலிருக்கே, குடுங்க பார்ப்போம்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டுகிறார். பசை கிடைக்கவில்லை, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுகிறேன்.